சானமாவு ரோட்டில் நான் சொன்ன சொல்

கண்ணு,

இந்த நேரத்துக்கு நீ பெங்களூரில் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பாய். மஞ்சுளாவை உள்ளே கூப்பிட்டுவிட்டார்களா, இன்னும் டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறீர்களா, தெரியவில்லை. காலையிலிருந்து இரண்டு முறை போன் செய்துவிட்டேன். இரண்டு முறையும் "இன்னும் கூப்பிடலம்மா" என்று சொல்லி வைத்துவிட்டாய். மறுபடி கூப்பிட்டால் நீ எரிந்து விழுவாய், பக்கத்தில் இருக்கிற அவள் காதிலும் அது விழும். அதனால் போனை உன் அப்பா கையில் கொடுத்துவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன். கம்பெனியில் ஷிப்ட் முடிந்து கிளம்பும்போது, எது ஒழுங்காக ஓடுகிறது, எது தகராறு செய்கிறது என்று அடுத்து வருகிறவளுக்கு எழுதி வைத்துவிட்டு வருவோம். வாயால் சொன்னால் பாதி மறந்துபோகும், மீதி சண்டையில் முடியும். இதையும் அப்படியே எடுத்துக்கொள். உறையை ஒட்டப் போவதில்லை. யார் படித்தாலும் படிக்கட்டும், மாமியார்கள் படித்தால் இன்னும் நல்லது.

எனக்குப் பயமாக இருக்கிறது. சுற்றி வளைக்காமல் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மஞ்சுளா வயிற்றில் இருக்கிற ஐந்து மாதக் குழந்தையின் இதயத்தில் ஓட்டை இருக்கிறதா இல்லையா என்பது இன்றைக்குத் தெரிந்துவிடும். அது ஒரு பயம். ஓசூரில் ஸ்கேன் எடுத்துத் திரும்பிய அன்று, சானமாவு ரோட்டில், காருக்குள், நான் வாயைத் திறந்து ஒரு சொல் சொன்னேன். அதோடு அவள் நம் வீட்டுக்கு வராமல் பாகலூருக்கு, தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். குழந்தைக்கு எப்படி ஆனாலும் அவள் இனி என் முகத்தைப் பார்ப்பாளா என்பது இன்னொரு பயம். காலையில் போட்ட சோறு தட்டிலேயே இருக்கிறது.

அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். சிப்காட்டில் வண்டிகளுக்கு பிரேக் பாகம் செய்கிற கம்பெனியில் உன் அம்மாவுக்கு இன்ஸ்பெக்‌ஷன் டேபிள். ட்யூப் லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து ஒவ்வொரு துண்டையும் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கவேண்டும். கீறல் இருக்கா, வெடிப்பு இருக்கா, குமிழி இருக்கா. நல்லது பச்சை டப்பாவுக்கு, கெட்டது சிவப்பு டப்பாவுக்கு. நான் சேர்ந்த புதிதில் பக்கத்து டேபிளில் செல்வி என்று ஒருத்தி இருந்தாள். வாய் ஓயாமல் பேசுவாள், கை மட்டும் வேலையை விடாது. ஒரு தடவை மயிரிழை மாதிரி வெடிப்பு விட்ட துண்டு ஒன்று அவள் கண்ணுக்குத் தப்பி, வாங்குகிற கம்பெனிக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. அவர்கள் அதைத் திருப்பி அனுப்பினார்கள். சூப்பர்வைசர் அந்தத் துண்டை செல்வி கையில் கொடுத்து, ஷிப்ட் தொடங்கும் நேரத்தில் எல்லார் முன்னாலும் நிற்க வைத்தார். திட்டக்கூட இல்லை. இந்த பிரேக்கைப் பிடிக்கிறவன் உன் அண்ணனாக இருந்தால் என்ன செய்வாய் என்று மட்டும் கேட்டார். அவள் அன்றைக்கு அழுத அழுகையைப் பார்த்த பிறகு எங்கள் எல்லாருக்கும் ஒரே விதிதான். சந்தேகம் வந்தால் சிவப்பு டப்பா. எண்ணெய்க் கறையாகக்கூட இருக்கலாம், துடைத்தால் போய்விடலாம், அதெல்லாம் வேண்டாம், போடு. சிவப்பு டப்பாவில் விழுந்ததை மறுபடி எடுத்துப் பார்க்கிற வழக்கம் எங்களிடம் கிடையாது. அது உலைக்குப் போய் உருகிவிடும், நாங்கள் வீட்டுக்குப் போய்த் தூங்குவோம்.

அந்தக் கண் என்னோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. தக்காளிக் கடைக்காரர் என்னைத் தூரத்தில் பார்த்ததும் கூடையை உள்ளே இழுத்துக்கொள்வார். நீ பிறந்தபோது எனக்கு மயக்கம் முழுசாகத் தெளியக்கூட இல்லை, உன் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தேன், காது மடலைத் திருப்பிப் பார்த்தேன், நர்ஸம்மா விழுந்து விழுந்து சிரித்தார். கம்பெனியில் தரம் பார்க்கிறவர்களைச் சொல்கிற மாதிரி நீயும் அப்பாவும் எனக்கு க்யூசி என்று பேர் வைத்தீர்கள். மஞ்சுளாவைப் பெண் பார்க்க பாகலூர் போன அன்று, அவள் காபியை நீட்டும்போது நான் அவளை ஜன்னல் வெளிச்சத்துப் பக்கம் நகரச் சொன்னேனாம். எனக்கு ஞாபகமே இல்லை. கல்யாணம் முடிந்து நம் வீட்டில் புழங்கத் தொடங்கிய பிறகு அவள்தான் சொன்னாள். "அத்தே, அன்னிக்கு நீங்க பாத்த பார்வையில, பச்ச டப்பாவா செவப்பு டப்பாவான்னு நான் காபியோட நின்னுட்டே இருந்தேன்." வீட்டுக்குள் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ், பக்கத்து வீட்டோடு தெலுங்கு என்று வளர்ந்தவள், எதில் கிண்டல் செய்தாலும் இடம் பார்த்துக் குத்துவாள். நீ பாஸ் ஆகிட்ட போடி என்று நானும் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவள் அதை மறக்காமல் வைத்திருந்தாள்.

பிறகு எங்கள் டேபிளுக்கு மேலே கேமரா வந்தது. என் கண்ணும் அதற்குள் மங்கத் தொடங்கியிருந்ததால் என்னை பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். கண்ணாடியை மாற்றும்மா, இந்தக் கண்ணாடியில் உனக்குப் பாதி தெரியவில்லை என்று நீ தலைபாடாக அடித்துக்கொண்டாய். பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்தாயிற்று, இனி எதற்கு என்று தட்டிக்கழித்தேன். நீயோ அதே மாதிரி கேமராக்களைக் கம்பெனி கம்பெனியாகப் போய் மாட்டிக் கொடுக்கிற வேலையில் சேர்ந்தாய். அம்மா வேலையைப் பிடுங்கின பிள்ளை என்று கம்பெனி பஸ்ஸில் கேலி செய்தார்கள், எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டே எனக்கு விளக்கினாய். கேமராவுக்கு நல்லது கெட்டது என்று ஒன்றும் தெரியாது, ஏகப்பட்ட படங்களைக் காட்டிக் காட்டி, இந்த மாதிரி இருந்தால் கட்டம் போடு என்று பழக்கி வைத்திருக்கிறோம், அது சந்தேகப்படும், சந்தேகப்பட்டதை மனுஷன் எடுத்துப் பார்க்கவேண்டும் என்றாய். எடுத்துப் பார்க்கிறார்களா என்று கேட்டேன். நீ சிரித்துவிட்டு, "எங்கேம்மா பாக்கறாங்க, நேரா டப்பாக்குத்தான் போவுது" என்றாய். அன்றைக்கு நானும் உன்னோடு சேர்ந்து சிரித்தேன்.

ஓசூரில் அந்த ஸ்கேன் அறை எனக்கு இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. ஏசி குளிரும் மங்கல் வெளிச்சமும். நல்ல டாக்டரம்மா, உன்னோடு என்னையும் உள்ளே விட்டார். புது மெஷின், குழந்தையின் உறுப்புகளை இதுவே கண்டுபிடித்துக் காட்டும் என்று சொன்னார். நீ உன் வேலை ஞாபகத்தில் மெஷினைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தாய். திரையில் சாம்பல் நிறத்தில் என்னவோ நெளிந்துகொண்டிருந்தது, எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் கட்டம் புரிந்தது. தலைக்குப் பச்சைக் கட்டம். முதுகெலும்புக்குப் பச்சை. வயிற்றுக்கு, தொடை எலும்புக்கு, எல்லாம் பச்சை. ஒவ்வொன்றும் விழ விழ எனக்குள் ஒரு சந்தோஷம். அப்புறம் நெஞ்சுப் பக்கம் வந்தது. கட்டம் சிவப்பாக விழுந்தது. டாக்டரம்மா கையை எடுக்காமல் கொஞ்சம் அழுத்தினார், மஞ்சுளாவைப் பக்கவாட்டில் திரும்பிப் படுக்கச் சொன்னார், மறுபடி பார்த்தார். மறுபடியும் சிவப்பு. கண்ணு, நான் எத்தனையோ வருஷம் அந்த நிறத்துக்கு ஒரே ஒரு அர்த்தம் வைத்துக்கொண்டு சம்பளம் வாங்கினவள். அவர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே எனக்குள் முடிவு எழுதியாகிவிட்டது.

டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். "மெஷின் இந்த எடத்தச் சந்தேகப்படுது. கொழந்தை முதுகக் காட்டிப் படுத்திருக்கறதால எனக்கும் தெளிவாத் தெரியல. ஓட்டைன்னு நான் சொல்லல, இல்லைன்னும் சொல்லல. கொழந்தை இதயத்த மட்டுமே பாக்கறவங்க பெங்களூர்ல இருக்காங்க, அவங்ககிட்ட ஒருதடவ காட்டிருங்க." ஓட்டை இருந்தால் என்ன வழி என்று நீ கேட்டாய். சில ஓட்டை தானாக மூடிக்கொள்ளும், சிலதுக்குப் பிறந்த பிறகு ஆபரேஷன் வேண்டும், சில குழந்தைகளுக்கு அதோடு வேறு கோளாறும் சேர்ந்து இருக்கும், கர்ப்பத்தைத் தொடர்வதா வேண்டாமா என்று யோசிக்கிறவர்களும் உண்டு, அதற்குச் சட்டத்தில் ஒரு காலக்கெடு இருக்கிறது, அதனால் பெங்களூர் போவதைத் தள்ளிப்போடாதீர்கள் என்றார். அவர் சொன்னதில் பாதிக்கு மேல் நம்பிக்கையான பேச்சு. என் காதில் காலக்கெடு மட்டும்தான் விழுந்தது.

அப்பா காரை ஓட்டினார், நீ முன்னால், நானும் அவளும் பின்னால். ஓசூரைத் தாண்டி சானமாவு காட்டுக்கு வந்தபோது வனத்துறை ஆட்கள் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். யானைகள் ரோட்டோரம் நிற்கின்றன, கடந்த பிறகுதான் விடுவோம், ஹாரன் அடிக்காதீர்கள், யாரும் இறங்காதீர்கள் என்றார்கள். வெயில் தாழ்ந்த நேரம், என்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். நீ போனில் அந்த ஸ்கேன் படத்தைப் போட்டு, என்னவோ ஆப்பில் கேட்டுக்கொண்டிருந்தாய். ஒன்று பயப்பட ஒன்றுமில்லை என்றது. இன்னொன்று பெரிய பெரிய வியாதிப் பேராகச் சொன்னது. இரண்டையும் வாய்விட்டுப் படித்தாய். படித்துவிட்டு மறுபடியும் படத்தைப் பெரிதாக்கி மறுபடியும் கேட்டாய். உன் காது மடல் சிவந்திருந்தது, பயந்தால் உனக்கு அப்படி ஆகும், சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும். வெளியே யானை, உள்ளே உன் குரல், பக்கத்தில் வயிற்றின்மேல் கை வைத்துக்கொண்டு அவள். எதையாவது சொல்லி அந்தப் பயத்தை முடித்துவிடவேண்டும் என்று இருந்தது.

"சந்தேகம்னு வந்துட்டா வெச்சுக்கக் கூடாது கண்ணு," என்றேன். "எடுத்துப் போட்டுர்றதுதான் எல்லாருக்கும் நல்லது."

சொன்ன பிறகுதான் சொன்னது என் காதில் விழுந்தது. நீ போனை அணைத்தாய். அப்பா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். மஞ்சுளா கத்தவில்லை, அழவில்லை, என் பக்கம் திரும்பி, சமையலறையில் உப்பு கேட்கிற குரலில் கேட்டாள்.

"என்னைப் பாத்துப் பாஸ் பண்ணீங்களே அத்தே. எம் புள்ளயப் பாக்காமயே ரிஜெக்ட் பண்ணிட்டீங்களா?"

அப்புறம் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்துவிட்டாள். காவலுக்கு நின்ற ஆள் ஓடிவந்து, உள்ளே போம்மா, பக்கத்திலேயே நிற்கிறது என்று அடிக்குரலில் அதட்டினார். அவள் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள், கதவோடு கதவாக ஒட்டி உட்கார்ந்தாள். யானைகள் கடந்ததை நான் பார்க்கவே இல்லை, என் கண் முழுக்க அவள் கதவுப் பிடியில் வைத்திருந்த கைமேல்தான் இருந்தது. வண்டிகளை விட்டதும் அவள் அப்பாவிடம், "மாமா, வண்டியத் திருப்புங்க, பாகலூர் போலாம்" என்றாள். உத்தனப்பள்ளியில் நம் வீட்டுக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான் இருந்தது. அப்பா ஒன்றும் கேட்காமல் திருப்பினார்.

நான் மனசறிந்து கெட்டது நினைக்கவில்லை என்று நீ அவளிடம் சொல்லிப் பார்த்தாய், எனக்குத் தெரியும். சொல்லாதே கண்ணு. கெட்டது நினைக்காமல் சொன்னதுதான் இன்னும் மோசம், யோசிக்காமலே வருகிற அளவுக்கு அது எனக்குள் ஊறிக்கிடக்கிறது என்று அர்த்தம். மறுநாளே பஸ் ஏறி நான் பாகலூர் போனது உனக்குத் தெரியாது. அவளுக்குப் பிடித்த ஒப்பட்டு, நம் போளிதான், செய்து எடுத்துப் போனேன். அவள் அம்மா என்னை உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். மரியாதைக்குக் குறைச்சல் இல்லை. மஞ்சுளா தூங்குகிறாள் என்றார். உள் அறையில் வளையல் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது, அவருக்கும் கேட்டது, எனக்கும் கேட்டது. மோரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். ஒப்பட்டு கொண்டுபோன பாத்திரம் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உன்னைச் சுமந்த காலம் ஞாபகம் வந்தது. எங்கள் பக்கத்தில் அப்போது ஸ்கேன் என்றாலே பெண்களுக்குப் பயம். ஆணா பெண்ணா என்று ரகசியமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து, அதற்கப்புறம் அந்த வயிற்றைப் பற்றி யாருமே பேசாமல் போன வீடுகள் எங்கள் தெருவிலேயே இருந்தன. என்னை ஸ்கேனுக்குக் கூட்டிக்கொண்டு போனபோது உன் அப்பாவைப் பெற்றவர், என் மாமியார், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் வெளியே வந்ததும் என்ன குழந்தை என்று கேட்டார். ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம் என்று சுவரில் மாட்டியிருந்த பலகையை டாக்டர் கையால் காட்டிவிட்டுப் போய்விட்டார். உள்ளே படுத்திருந்த நான், வெளியே இருக்கிறவர் என் பிள்ளையை வைத்துக்கொள்ளச் சொல்வாரா மாட்டாரா என்று நடுங்கிக்கொண்டு கிடந்தேன். அந்த நடுக்கத்தை நான் மறக்கவில்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது மஞ்சுளாவுக்கு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற ஆள் நான்.

அதனால் உனக்கு நான் புத்தி சொல்ல யோக்கியதை இருக்கிறதா என்று கேட்காதே, இருந்தாலும் இல்லாவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன், அம்மா இல்லையா. உள்ளே போனால் மெஷின் பக்கம் நிற்காதே. அது எந்தக் கம்பெனி, எப்படிப் பழக்கினார்கள் என்றெல்லாம் இன்றைக்குக் கேட்காதே. படுத்திருக்கிறவளுக்குத் திரை சரியாகத் தெரியாது, அவள் உன் முகத்தில்தான் படிப்பாள். ஓசூரில் சிவப்புக் கட்டம் விழுந்தபோது நீ முகத்தைச் சுருக்கினாய், அவள் அதைப் பார்த்தாள், நான் பார்த்தேன். அவள் தலைமாட்டில் நில், கையைப் பிடித்துக்கொள். டாக்டர் சொல்வது புரியவில்லை என்றால் புரியவில்லை என்று சொல். படித்தவன் மாதிரி தலையாட்டிவிட்டு வெளியே வந்து போனில் கேட்காதே. போனுக்கு உன் மனைவி யார் என்று தெரியாது, உன் குழந்தை எப்படித் திரும்பிப் படுத்திருக்கிறது என்றும் தெரியாது. நீ கேட்கிற கேள்விக்கு ஏதோ ஒரு பதிலைக் கொடுக்கும். அந்தப் படத்தை அவள் முன்னால் மறுபடி மறுபடி பெரிதாக்கிப் பார்ப்பதை விட்டுவிடு.

மெஷின் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தக் கட்டம் விழாமல் இருந்திருந்தால், குழந்தை முதுகைக் காட்டிப் படுத்திருக்கிறது, மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது என்று வீட்டுக்கு வந்திருப்போமோ என்னவோ. அது தன் வேலையைச் செய்தது. சந்தேகப்பட்டதை மனுஷன் எடுத்துப் பார்க்கவேண்டும் என்று நீதானே எனக்குச் சொன்னாய். இன்றைக்கு நீங்கள் போயிருப்பது அதற்குத்தான். நடுவில் புகுந்து டப்பாவைக் காட்டியவள் நான்தான்.

இதற்குமேல் எழுத எனக்குக் கை வரவில்லை, ஆனாலும் எழுதிவிடவேண்டும். கெட்ட செய்தியாக வந்தால், தாங்கவே முடியாத செய்தியாக வந்தால், அவள் என்ன முடிவு எடுக்கிறாளோ அதுவே முடிவு. வைத்துக்கொள்கிறேன் என்றாலும் சரி, முடியாது அத்தே என்றாலும் சரி. அப்படி முடியாது என்கிறவளைப் பற்றி ஊரில் எவள் வாயைத் திறந்தாலும் நான் சும்மா விடமாட்டேன். அப்படி ஒரு வழி இருக்கிறது என்று நினைத்தது என் தப்பு இல்லை. யாருக்கும் ஒன்றும் தெரிவதற்கு முன்னால், என் பயம் தீர்ந்தால் போதும் என்று அவள் வயிற்றைப் பற்றி நான் முடிவு சொன்னதுதான் தப்பு. அதைச் சொல்ல வேண்டியவள் அவள் ஒருத்திதான், நீகூட அவள் பக்கத்தில் நிற்கிறவன்தான். நானும் அப்பாவும் அதற்கும் பின்னால் நிற்கிறவர்கள். இதை நீ எந்தக் காலத்திலும் மறக்காதே, உனக்கு மருமகள் வருகிற காலத்திலும்.

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போனேன். அப்பா வாசலில் போனை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். நீதான் கூப்பிட்டாய். நீ என்னிடம் சொன்னதையே உனக்கு எழுதுகிறேன், ஏனென்றால் நான் சரியாகக் கேட்டேனா என்று எனக்கே சந்தேகம். ஓட்டை இருக்கிறது. மெஷின் கட்டம் போட்ட அதே இடத்தில்தான் இருக்கிறது. சின்னது என்று தள்ளிவிட முடியாது, ரொம்பப் பெரியது என்றும் சொல்லவில்லை. பிறந்த பிறகு ஆபரேஷன் தேவைப்படலாம். வேறு கோளாறு இருக்கிறதா என்று பார்க்க ஒரு டெஸ்ட் எடுத்திருக்கிறார்கள், அது வரக் கொஞ்ச நாள் ஆகும். மெஷின் தப்பாகச் சொல்லியிருக்கவேண்டும் என்று இத்தனை நாளும் நான் சாமியிடம் கேட்டுக்கொண்டிருந்தது உனக்குத் தெரியாது. எண்ணெய்க் கறையாக இருக்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

நீ பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் போனை வாங்கினாள். பின்னால் யாரோ டோக்கன் நம்பரைக் கன்னடத்தில் கூப்பிட்டார்கள். மஞ்சு என்றேன்.

"அத்தே, நீங்க அன்னிக்குச் சொன்னத நான் மறக்கல," என்றாள். "மறக்கறதுக்கு நாளாவும். ஆனா நான் வெச்சுக்கறேன். இந்த டெஸ்ட்ல என்ன வந்தாலும் வெச்சுக்கறேன்னுதான் இப்ப நெனக்கறேன்."

சரி கண்ணு என்றேன். அதற்குமேல் ஒரு சொல்லும் சொல்லிவிடக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

"பொறந்ததும் புள்ளயக் கண்ணு எடுக்காமப் பாத்துக்கணுமாம் அத்தே. பால் குடிக்கறப்ப நெத்தி வேர்க்குதா, மூச்சு வாங்குதா, ஒதடு நீலமாவுதான்னு. லேசா மாறுனாலே தூக்கிட்டு ஓடியாரணுமாம். எனக்கு பயமாயிருக்குது. உங்கள மாதிரி யாரு பாப்பாங்க? நீங்கதான் பாக்கணும்."

அவள் அழுதாளா என்று தெரியவில்லை, நான் அழுத சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. அப்புறம் நீ போனை வாங்கி, கிளம்புகிறோம், நேராக வீட்டுக்கு வருகிறோம் என்றாய். எந்த வீட்டுக்கு என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை, நீயே உத்தனப்பள்ளிக்குத்தான் என்று சொன்னாய்.

பயம் போய்விட்டது என்று நினைக்காதே. முன்னைவிட அதிகமாகத்தான் இருக்கிறது. அந்த டெஸ்ட் என்ன சொல்லுமோ, ஆபரேஷன் என்றால் அத்தனை சின்ன நெஞ்சில் எப்படிக் கத்தி வைப்பார்களோ, பிள்ளை பால் குடிக்கும்போது நான் கண் அயர்ந்துவிட்டால் என்ன ஆகுமோ என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கிறது. இத்தனை வருஷம் நான் பார்த்தது எல்லாம் தூக்கிப் போடுவதற்காகப் பார்த்தது. பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்ப்பது எப்படி என்று இனிமேல்தான் எனக்குத் தெரியவேண்டும். நெற்றி வேர்வை கண்ணுக்குத் தெரியும், தொட்டாலும் தெரியும். உதட்டில் நீலம் ஏறுவதுதான் பயம், அது முதலில் ரொம்ப லேசாக இருக்குமாம். சற்று முன் வாசல் வெளிச்சத்தில் நின்று, உன் அப்பாவின் உதட்டை உற்றுப் பார்த்தேன். என்ன நிறம் என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. ஒரு வார்த்தை பேசாத மனுஷன், "நாளைக்குக் காலையில கெளம்பு, கண்ணாடி மாத்திட்டு வந்துரலாம்" என்றார். நீங்கள் வந்து சேர்ந்ததும் அவளிடம் இதை மட்டும் சொல், நாளைக்குக் கண்ணாடி மாற்றப் போகிறேன்.

உன் அம்மா